ஒரு கோப்புக்கு 1.6 நொடி

யார் போனை யார் ஒட்டுக் கேட்கலாம் என்று இந்த நாட்டில் தீர்மானித்த சட்டத்தை எழுதியவன் வெள்ளைக்காரன். வருடம் 1885. இந்தியத் தந்திச் சட்டம். தஞ்சாவூர்ப் பக்கம் போன் என்ற பேச்சே இல்லாத காலம். தந்தி வந்தால் பிரித்துப் படிப்பதற்கு முன்பே தெருவில் ஒப்பாரி தொடங்கிவிடும். 2013 ஜூலை 14ஆம் தேதியோடு அந்தத் தந்திக்கு மங்களம் பாடினார்கள். சட்டத்துக்குப் பாடவில்லை. தந்தி செத்துப் பத்து வருடம் ஆகியும் தந்திச் சட்டம் தெம்பாக நடமாடியது. நம் செல்போனுக்குள் காதை நுழைத்துக்கொண்டே நடமாடியது.

2023 டிசம்பரில் ஒருவழியாக அதற்கும் பாடை கட்டினார்கள். காலனியச் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று டெல்லியில் ஒரே மார்தட்டல். புதிய தொலைத்தொடர்பு மசோதா 20ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. 21ஆம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறியது. நடுவில் ஒரே ராத்திரி. அந்தக் கூட்டத்தொடரில் சஸ்பெண்ட் ஆனவர்கள் 146 பேர். தமிழ்நாட்டு உறுப்பினர்களும் அதில் உண்டு. கேள்வி கேட்க வேண்டியவர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டு, 140 கோடிப் பேரின் போனைப் பற்றிய சட்டத்தைக் குரல் வாக்கெடுப்பில் முடித்தார்கள். குரலைப் பிடிக்கிற சட்டத்துக்குக் குரல் வாக்கெடுப்பு. பொருத்தம்தான்.

புதுச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் புரட்டுங்கள். பழைய சட்டத்தின் 5ஆம் பிரிவு சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 'பொது அவசர நிலை', 'பொதுப் பாதுகாப்பு'. அதே இரண்டு சாவி, அதே பூட்டு. வெள்ளைக்காரன் போகும்போது கிரீடத்தை எடுத்துக்கொண்டு, காதைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். நம் ஆட்கள் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஒழிந்தது என்ன? அட்டைதான்.

இதற்கு எல்லாம் கட்டுப்பாடு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. மறுக்கவில்லை. 1996 டிசம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: போன் பேச்சு தனிமனித உரிமை. கண்டவரும் கேட்கக் கூடாது. உள்துறைச் செயலர் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் எழுத வேண்டும். இரண்டு மாதம்தான் செல்லும். நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். 2024 டிசம்பர் 6ஆம் தேதி வெளியான புதிய விதிகளும் ஏறக்குறைய இதே பாட்டைத்தான் பாடுகின்றன. அவசரம் என்றால், தொலைதூரப் பகுதி என்றால், உள்துறைச் செயலருக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். ஐ.ஜி. அந்தஸ்தில் இருக்கும் அதிகாரியே காதை வைத்துவிடலாம். ஏழு வேலை நாளுக்குள் மேலே ஒப்புதல் வாங்கினால் போதும். எது தொலைதூரம்? சென்னையிலிருந்து பார்த்தால் வேதாரண்யம் தொலைதூரம். கர்நாடகத்திடம் தண்ணீர் கேட்கும்போது டெல்டாவே தொலைதூரம்.

அந்தப் பரிசீலனைக் குழுவைக் கொஞ்சம் பார்ப்போம். மாநிலத்தில் அதற்குத் தலைவர் தலைமைச் செயலர். உறுப்பினர்கள் சட்டத் துறைச் செயலரும் இன்னொரு செயலரும். கையெழுத்துப் போடுகிறவரும் செயலர், அது சரியா என்று பார்க்கிறவர்களும் செயலர்கள். ஒரே கோட்டை. ஒரே கேன்டீன். நீதிபதி கிடையாது. வெளியாள் ஒருவர் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடுவார்களாம். கூடினார்களா என்று கேட்க நமக்கு வழி கிடையாது.

மத்தியக் குழுவின் பாடு இன்னும் தமாஷ். மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவு போடுகிறது என்று ஒரு காலத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் வந்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான நிபுணர் குழு 2018ல் அதைக் கூட்டிப் பார்த்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது, இது நடக்கிற காரியமா என்று தன் அறிக்கையில் எழுதியது. நாமும் கணக்குப் போடுவோம். மூன்று பேரும் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து, டீ குடிக்காமல், பாத்ரூம் போகாமல், எட்டு மணி நேரம் கோப்பு பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 28,800 நொடி. 18,000 கோப்பு. ஒரு கோப்புக்கு 1.6 நொடி. கோப்பின் நாடாவை அவிழ்க்கவே அது போதாது. அந்த 1.6 நொடிதான் உங்கள் தனிமனித உரிமை. நீதிமன்றம் வாங்கிக் கொடுத்த பாதுகாப்பின் மொத்த அகலம்.

அதன் பிறகு எண்ணிக்கையைக் கேட்டவர்களுக்குப் பதில் எப்படி வந்தது? ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆவணங்களை அழித்துவிடுகிறோம், அதனால் கணக்கு இல்லை என்று வந்தது. ரேஷன் கடையில் அரை கிலோ சர்க்கரை குறைந்தால் கணக்கு உண்டு. 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டில் எத்தனை பேரை ஒட்டுக் கேட்டோம் என்பதற்குக் கணக்கு இல்லை. கேட்கப்பட்டவனுக்கும் கடைசி வரை தகவல் கிடையாது. குற்றவாளி இல்லை என்று தெரிந்த பிறகும், "ஐயா, ஆறு மாதம் உங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டோம், ஒன்றும் சிக்கவில்லை, மன்னிக்கவும்" என்று ஒரு வரி வராது.

போகட்டும். இவ்வளவு பெரிய காது, இவ்வளவு காலம், இவ்வளவு செலவு. அந்தக் காது டெல்டாவில் என்னதான் கேட்கிறது?

குறுவை அறுத்த ஐப்பசி மாதத்தில் ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய் நில்லுங்கள். சாலையோரம் நெல் குவியல். மேலே தார்ப்பாய். தார்ப்பாய்க்கு மேலே மழை. விவசாயி தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுப் பார்க்கிறார். கை சூடாக வெளியே வருகிறது, விரலிடுக்கில் முளை. சாக்கு வரவில்லை என்பார்கள். சாக்கு வந்தால் லாரி வரவில்லை என்பார்கள். லாரி வந்தால் ஈரப்பதம் என்பார்கள். 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். மீட்டர் 19 காட்டுகிறது. டெல்லியிலிருந்து குழு வரும், நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும், போட்டோ எடுத்துக்கொள்ளும், போய்விடும். நெல் அங்கேயே கிடக்கும். அப்போது ஒருவர் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "கவலைப்படாதீங்கண்ணே, பாத்துக்கலாம்" என்பார். சிப்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு பேசி முடியும். அரை மணி நேரத்தில் நெல் காய்ந்துவிடும். வெயில் வராமலே நெல் காயும் விஞ்ஞானம் உலகத்தில் எங்கள் பக்கம்தான் உண்டு.

இது ரகசியமா? இல்லவே இல்லை. டீக்கடையில் சத்தமாகப் பேசுகிறார்கள். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்கிறார்கள். 2020ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே, சம்பளத்துக்கு மேல் லஞ்சம் வாங்குவது பிச்சை எடுப்பதற்குச் சமம் என்று கொள்முதல் நிலைய வழக்கில் காய்ச்சி எடுத்தது. ஒட்டுக் கேட்கவே வேண்டாம். காது இருந்தால் போதும். அந்தக் காதைத்தான் காணோம்.

மணல் கதை இதற்கு அண்ணன். காவிரியிலும் கொள்ளிடத்திலும் ராத்திரி முழுக்க லாரி. எந்தக் குவாரிக்கு எத்தனை லாரி, எந்த செக்போஸ்ட்டில் யார், எவ்வளவு என்பதையெல்லாம் புறா மூலமாகவா பேசிக்கொள்கிறார்கள்? போனில்தான் பேசுகிறார்கள். ஒரு காதிலும் விழவில்லை. 2023ல் அமலாக்கத் துறை நுழைந்தது. அதற்கென்று ஒரு அரசியல் இருக்கிறது, அது வேறு கச்சேரி. அமலாக்கத் துறை நீதிமன்றத்தில் வைத்த கணக்கு: அள்ளிய மணலின் மதிப்பு 4,730 கோடி, அரசுக்கு வந்த வரவு 36.45 கோடி. தஞ்சாவூர் உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களை வந்து பதில் சொல்லுங்கள் என்று கூப்பிட்டது. குடிமகன் போனில் என்ன பேசுகிறான் என்று தெரிந்துகொள்ள உரிமை கேட்கிற அரசு, ஆட்சியர் வாயைத் திறக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024ல் அங்கே குட்டு வாங்கிய பிறகுதான் ஆட்சியர்கள் ஆஜரானார்கள். நம் வாய் திறந்த புத்தகமாக இருக்க வேண்டும். அவர்கள் வாய் அரசு ரகசியம்.

சரி, லஞ்சத்தைப் பிடிக்கவாவது இந்தக் காது உதவுமா? அதற்கும் 2025 ஜூலை 2ஆம் தேதி பதில் கிடைத்தது. வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் லஞ்சம் என்று சி.பி.ஐ. போட்ட வழக்கு. அதில் சிக்கிய ஒருவரின் போனை ஒட்டுக் கேட்க மத்திய உள்துறை 2011 ஆகஸ்டில் போட்ட உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசர நிலையும் இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை, குற்றத்தைத் துப்பறிய இந்தப் பிரிவைக் கையில் எடுக்க முடியாது என்றார். ஒட்டுக் கேட்டதைப் பரிசீலனைக் குழுவின் முன் வைக்கவே இல்லை என்பதும் அந்த வழக்கில் வெளிவந்தது. பாவம், அந்தக் கோப்புக்கு 1.6 நொடிகூடக் கிடைக்கவில்லை.

தீர்ப்பு சரியான தீர்ப்பு. லஞ்சம் வாங்கியவனைப் பிடிக்க ஆயிரம் வழி இருக்கிறது. அதற்காக எல்லார் வீட்டு வாசலிலும் காதை வைக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தது என்பது தனி வேடிக்கை. ஊழலும் பொதுப் பாதுகாப்புக்குள் வரும் என்றது. ஆக, சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறும்போது உங்களுக்கு இருக்கிற உரிமை, புது டெல்லியில் இறங்கும்போது இருக்காது. வழியில் நாக்பூரில் எவனோ இறக்கிவிடுகிறான்.

ஆனால் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள். லஞ்சத்துக்கு இந்தக் காது கூடாது. மணலுக்கு இந்தக் காது கேட்காது. அப்புறம் யாருக்கு? சட்டத்திலேயே பதில் இருக்கிறது: 'பொது ஒழுங்கு'. 50 லட்சம் கைமாறினால் பொது ஒழுங்கு கெடாது. முளைத்த நெல்லைக் கொண்டுவந்து விவசாயி சாலையில் கொட்டினால் கெட்டுவிடும். உடனே கெட்டுவிடும்.

சந்தேகம் இருந்தால் கதிராமங்கலத்தைக் கேளுங்கள். 2017 ஜூன் 30. ஓ.என்.ஜி.சி. குழாய் உடைந்து வயலில் எண்ணெய் ஓடியது. ஜனங்கள் கூடினார்கள். குழாயைப் பார்க்க அதிகாரி வருவதற்குள் ஜனங்களைப் பார்க்க போலீஸ் வந்துவிட்டது. தடியடி. மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த.ஜெயராமன் உட்படப் பலர் ஒரு மாதத்துக்கு மேல் ஜெயிலில். குழாயை உடையவிட்டவர் யாரும் உள்ளே போகவில்லை. அடுத்த மாதம், இந்த ஊருக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்த நெடுவாசலுக்கும் ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு கல்லூரி மாணவி மேல் குண்டர் சட்டம். அந்த வருடம் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. மூன்று வருடம் கழித்து, 2020ல், இதே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அரசே சட்டம் போட்டது. அந்த ஜனங்கள் சொன்னது சரி என்று அரசு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. உள்ளே இருந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க மட்டும் சட்டத்தில் இடமில்லை.

குண்டர் சட்டம் என்றதும் நினைவு வருகிறது. சட்டத்தை நீட்டுவதில் நம் மாநிலத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1982ல் சாராய வியாபாரி, ரவுடி என்று தொடங்கியது. 2004ல் திருட்டு வீடியோக்காரர் சேர்ந்தார். அப்புறம் மணல் திருடர், பாலியல் குற்றவாளி, சைபர் குற்றவாளி. இன்று சட்டத்தின் பெயரை ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறவருக்கு ஜாமீன் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு கெட்டவரைக் காட்டித்தான் நீட்டுகிறார்கள். யாரும் எதிர்க்க முடியாது. ரவுடிக்கு ஆதரவாக யார் பேசுவார்? கடைசியில் துண்டறிக்கை கொடுத்த பெண் உள்ளே போகிறாள்.

ஒட்டுக்கேட்புச் சட்டமும் இதே தடத்தில்தான் ஊர்ந்தது. மகாராஷ்டிரத்தில் 1999ல் தாதாக்களைப் பிடிக்க என்று சொல்லி மோக்கா கொண்டுவந்தார்கள். போனில் பிடித்த பேச்சு சாட்சியாகச் செல்லும் என்று அதில் எழுதினார்கள். கர்நாடகம் நகலெடுத்தது. டெல்லிக்கும் நீட்டினார்கள். குஜராத் விடாமல் மசோதா அனுப்பி 2019ல் ஒப்புதல் வாங்கியது. நடுவில் 2002ல் நாடு முழுவதற்கும் பொடா. அதிலும் ஒட்டுக்கேட்புக்குத் தனி அத்தியாயம். பொடாவை ஆதரித்தவர்களில் ம.தி.மு.க.வும் உண்டு. மார்ச்சில் சட்டம் வந்தது. ஜூலையில் திருமங்கலம் பேச்சுக்காக அதே பொடாவில் வைகோ வேலூர் சிறையில். 19 மாதம். கை தூக்கும்போது அந்தச் சட்டம் அடுத்தவனுக்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

இதில் போலீஸ்காரரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எங்கள் பக்கத்து ஒட்டுக்கேட்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மறியல் என்றால் முதல் நாள் ராத்திரி தனிப்பிரிவு ஏட்டு சங்கத் தலைவருக்கு நேரடியாகவே போன் போடுவார்.

"அண்ணே, நாளைக்கு எத்தனை பேருண்ணே?"

"எரநூறு பேரு வருவாங்க ஏட்டய்யா."

"நூத்தம்பதுன்னு எழுதிக்கிறேன். எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"பதினோரு மணிக்கு தாசில்தார் வந்தா எந்திரிச்சுருவோம்."

"வந்துருவாருண்ணே. நான் சொல்லிர்றேன்."

மறுநாள் மஃப்டியில் வந்து ஓரமாக நிற்பார். அவர் மஃப்டி என்பது ஊருக்கே தெரியும். அவருக்கும் சேர்த்துத்தான் டீ சொல்வார்கள். உலகத்திலேயே மலிவான உளவு இது. செலவு ஒரு டீ. தகவல் நூற்றுக்கு நூறு சரி. ஒளிக்க ஒன்றும் இல்லாத மனிதர்களைக் கண்காணிக்க மத்தியக் கண்காணிப்பு அமைப்பு, புதுச் சட்டம், புது விதி எல்லாம் எதற்கு?

எதற்கு என்று தெரியும். விவசாயிக்காக இல்லை. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள. 1988ல் காவிரிக்கு மேல் பக்கம், கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே, போன் ஒட்டுக் கேட்ட விவகாரத்தில் பதவியைத் துறந்தார். அந்த வழக்கம் அவரோடு போயிற்று. 2008ல் நம் தலைமைச் செயலரும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநரும் போனில் பேசியது பத்திரிகையில் வரிக்கு வரி வந்தது. ஒட்டுக்கேட்பைப் பரிசீலிக்கிற குழுவுக்குத் தலைவர் யார் என்று மேலே சொன்னேனே, அதே நாற்காலி. அவர் பேச்சையே காப்பாற்ற முடியவில்லை. நீதிபதி சண்முகம் ஆணையம் என்று ஒன்று போட்டார்கள். 2021ல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருளின் பட்டியலில் சீமான், திருமுருகன் காந்தி பெயரெல்லாம் அடிபட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவுக்கு மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022ல் நீதிமன்றத்திலேயே சொன்னார்கள். தெலங்கானாவில் 2023 டிசம்பரில் ஆட்சி மாறியதும் உளவுப் பிரிவு அதிகாரி ஒருவர் ஹார்ட் டிஸ்க்குகளை உடைத்து மூசி ஆற்றில் எறிந்தார் என்பது போலீஸ் தரப்பு வழக்கு. ஆறு எதற்கு இருக்கிறது என்று அரசுகளுக்கு ஒரு தெளிவு இருக்கிறது. மணலை எடுக்கலாம், சாட்சியைப் போடலாம். தண்ணீர் வந்தால் சந்தோஷம்.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: எங்கள் போன் ஒட்டுக் கேட்கப்படுகிறது, ஜனநாயகம் செத்துவிட்டது. ஆட்சிக்கு வந்ததும் அந்த மெஷினை உடைத்தவர் ஒருவர் உண்டா? துடைத்துவைத்துக்கொள்வார்கள். காது அதே காது. தோடு மட்டும் மாறும்.

சட்டத்தை ரத்து செய்யுங்கள் என்றுகூட நாம் கேட்கவில்லை. நமக்கு அவ்வளவு பேராசை கிடையாது. குழுவில் ஒரு நீதிபதியைப் போடுங்கள் என்று கேட்டால் நாட்டின் பாதுகாப்பு என்பார்கள். பெயரும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். மூன்றே தகவல் போதும். போன வருடம் தமிழ்நாட்டில் எத்தனை உத்தரவு போட்டீர்கள்? பரிசீலனைக் குழு எத்தனை முறை கூடியது? அதில் எத்தனை உத்தரவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள்? பதிலைக் கடிதமாக எழுத நேரம் இல்லையென்றால் போனிலேயே சொல்லலாம். நம் நம்பர் அவர்களிடம் இருக்கும்.